மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஃபீஸ்: அப்பா அங்கே இருந்தால் மகளுக்குக் குறையுமா? (அவசரம்)

கோவைப்பெண்

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மாண்ட்ரியலில் ஒரு ஆங்கிலப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்பு. நேற்று ராத்திரி கணக்கைத் திறந்து பார்த்தால் வருட ஃபீஸ் 12,000 டாலருக்கு மேல் காட்டுகிறது. அதே வகுப்பில் சேரும் கியூபெக் (மாண்ட்ரியல் இருக்கும் மாகாணம்) பிள்ளைக்கு 3,000 சொச்சம்தானாம். ஒரே நாடுதானே இது?

கணவருக்குத் தெரிந்தவர் "அட்ரஸை மாற்றினால் போதும்" என்கிறார். என் நாத்தனாரோ "அந்த ஊர் தனி நாடாகப் போகிறது, அனுப்பாதே. பாதிப் படிப்பில் உன் பொண்ணு வெளிநாட்டு மாணவி ஆகிவிடுவாள்" என்று ஃபோனில் ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும். மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது?

பழைய_மொன்றியல்காரன்

தங்கச்சி, பயப்படாதீர்கள். மொன்றியல் நல்ல ஊர். நான் 1986 மார்கழியில் வந்து இறங்கினேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் நிலக்கீழ் அறை ஒன்று, ஏழு பேர். எனக்கு வேலை ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது. இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து, பஸ்ஸுக்குக் காசு மிச்சம் பிடிக்க ஜோன் தலோன் வீதி நெடுக நடந்து வருவேன். முதலாளி பிரெஞ்சில் ஏசுவது ஒன்றும் விளங்காது. விளங்காதபடியால் கோபமும் வராது. அப்படியே மொழி பழகினோம். இன்றைக்கு அதே பகுதியில் கோயில் இருக்கிறது, கடைகள் இருக்கின்றன, முருங்கைக்காய் பனியிலும் கிடைக்கும். டொலார்-டெஸ்-ஓர்மோவில் முருகன் கோயில் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு குறையும் வராது.

தனி நாட்டுக் கதை எங்களுக்குப் புதிதல்ல. 1980இல் ஒரு முறை வாக்கெடுத்தார்கள். 1995 ஒக்டோபர் 30இல் மறுபடி எடுத்தார்கள். அப்போது எனக்குப் புதிதாகக் குடியுரிமை கிடைத்திருந்தது. 'வேண்டாம்' பக்கம் 50.58 வீதம், 'வேண்டும்' பக்கம் 49.42. வித்தியாசம் 54,288 வாக்குகள். விடிய விடிய ரிவிக்கு முன்னால் இருந்தோம். நான் எதற்குப் போட்டேன் என்று இன்றுவரை மனைவிக்குச் சொல்லவில்லை. தோற்ற இரவில், 'வேண்டும்' பக்கத்தை நடத்திய மாகாண முதல்வர் பரிசோ மேடையேறி, பணத்தாலும் இனக்குழுக்களின் வாக்குகளாலும்தான் தோற்றோம் என்றார். மறுநாள் வேலைத்தலத்தில் எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. அதற்குப் பிறகும் இங்கேதான் இருக்கிறேன்.

பிராம்ப்டன்_தம்பி

அக்கா, அண்ணன் சொன்னதில் ஃபீஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா?

என் கருத்து: அனுப்பாதீர்கள். ஒன்டாரியோவில் 2019இல் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்தார்கள். வாட்டர்லூ, யார்க், மெக்மாஸ்டர் எல்லாம் இங்கேயே இருக்கும்போது, பிரெஞ்சு தெரியாத பிள்ளையை எதற்கு அங்கே தள்ளுகிறீர்கள்? நான் வந்த முதல் ஆறு மாதம் "கனடிய அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்டே கொன்றார்கள். டிப்ளமா, டிகிரி எல்லாவற்றையும் மதிப்பிடக் கொடுத்து, கிடங்கில் பெட்டி அடுக்கி, ராத்திரி ஷிஃப்ட்டில்... அதைச் சொன்னால் இந்தப் பக்கம் போதாது. இங்கேயே இவ்வளவு என்றால் கியூபெக்கில் இரண்டு மொழியில் அடி வாங்க வேண்டும். இன்னொன்று, அங்கே வருமான வரியை இரண்டு தரம் தாக்கல் செய்யணும், மத்திய அரசுக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று.

நூற்றொன்றின்_மகள்

ஃபீஸ் கதையை நான் சொல்கிறேன். மொன்றியலிலேயே பிறந்தவள், 101ஆம் சட்டத்தால் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த தலைமுறை. (1977இல் வந்த சட்டம். குடியேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் படிக்க வேண்டும்.) என் தமிழில் பிழை இருந்தால் அதற்கும் அந்தச் சட்டத்தையே குறை சொல்லுங்கள்.

இரண்டாவது வாக்கெடுப்பு முடிந்து இரண்டு வருடத்தில், 1997இல், தனி நாடு கேட்கும் கட்சியான பார்த்தி கெபெக்குவாவின் அரசு வெளிமாகாண மாணவருக்குத் தனிக் கட்டணம் கொண்டுவந்தது. கல்வி மாகாணத்தின் அதிகாரம். அதனால் ஒட்டாவாவை (மத்திய அரசை) கேட்கத் தேவையில்லை. நாட்டைப் பிரிக்க முடியவில்லை, ஃபீஸ் பட்டியலில் கோடு போட்டுவிட்டார்கள் என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் பகிடியாகச் சொல்வார்.

2011இல் உள்ளூர் மாணவருக்கே ஐந்து வருடத்தில் 1,625 டொலர் கூட்டப் போவதாக லிபரல் அரசு அறிவித்தது. 2012இல் மாதக்கணக்கில் மாணவர் வேலைநிறுத்தம், எல்லார் சட்டையிலும் சிவப்புத் துணிச் சதுரம், இரவில் சட்டி தட்டி ஊர்வலம். அந்த செப்டம்பர் தேர்தலில் பார்த்தி கெபெக்குவாவின் போலின் மருவா வென்று உயர்வை ரத்துச் செய்தார். 1997இல் கல்வி அமைச்சராக இருந்தவரும் இதே மருவாதான். உள்ளூர்ப் பிள்ளைக்குக் குறைவு, வெளியாளுக்குக் கூட என்பதுதான் அவர்களுடைய நியாயம். அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் அதில் பிழை ஒன்றும் தெரியாது.

நீங்கள் பார்த்த 12,000 அதற்குப் பிந்தியது. 2023 ஒக்டோபரில் அப்போதைய மாகாண முதல்வர் லெகோவின் அரசு, வெளிமாகாணத்தாருக்கு 9,000 அளவில் இருந்ததை 17,000 ஆக்கப் போவதாக அறிவித்தது. ஆங்கிலம் பேசும் மாணவர் கூடி மொன்றியலில் பிரெஞ்சைத் தேய்க்கிறார்கள், படித்துவிட்டுப் போயும் விடுகிறார்கள் என்பது காரணம். மக்கில், கொன்கோர்டியா, பிஷப்ஸ் ஆகிய ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் மூன்றும் கத்தின. டிசம்பரில் 12,000க்கு இறக்கினார்கள். பட்டம் பெறுவதற்குள் வெளிமாகாண மாணவரில் 80 வீதம் பேர் குறிப்பிட்ட அளவு பிரெஞ்சு பழக வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். மக்கிலும் கொன்கோர்டியாவும் வழக்குப் போட்டன. 2025 ஏப்ரல் 24இல் உயர் நீதிமன்றம் இரண்டுமே நியாயமற்றவை என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் திருத்த அரசுக்கு ஒன்பது மாத அவகாசமும் கொடுத்தது. ஆகவே தீர்ப்பை நம்பி உங்கள் பில் குறையும் என்று காத்திருக்க வேண்டாம்.

எனக்கு எரிச்சல் ஒன்றுதான்: பாரிஸிலிருந்து வரும் பிரெஞ்சு மாணவருக்கு வெளிநாட்டுக் கட்டணம் கிடையாது. சென்னையிலிருந்து வருபவருக்குக் குறைந்தது 20,000.

பிராம்ப்டன்_தம்பி

பார்த்தீர்களா? இதைத்தான் சொன்னேன். பிரிவினைக்காரர்கள்.

நூற்றொன்றின்_மகள்

லெகோவின் கட்சி பிரிவினை கேட்பதில்லை. அவர் ஒரு காலத்தில் பார்த்தி கெபெக்குவாவில் அமைச்சராக இருந்தவர், அது வேறு. மூன்றாவது வாக்கெடுப்பை 2030க்குள் நடத்துவேன் என்று சொல்பவர் இப்போதைய பார்த்தி கெபெக்குவா தலைவர் பிளாமொந்தோன். அதற்கு முதலில் 2026 ஒக்டோபர் தேர்தலில் வெல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்.

பழைய_மொன்றியல்காரன்

தம்பி, அந்தச் சொல்லைக் கொஞ்சம் மெதுவாகப் பாவியுங்கள். இலங்கையில் எங்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். 1971இல் தரப்படுத்தல் (பல்கலைக்கழகம் போகத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்ட முறை) வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை கூடப் புள்ளி எடுத்தும் மருத்துவ பீடத்துக்குப் போக முடியாமல் நின்றது. தனி நாடு கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குப் போகும் வழியில் அந்தப் பல்கலைக்கழக வாசலும் இருந்தது. எனக்குப் பெரியண்ணர் ஒருவர் இருந்தார், அந்தக் கதை இப்போது வேண்டாம். மொழியும் கம்பஸ் இடமும் சேர்ந்து ஒரு இனத்தை என்ன செய்யும் என்று எங்களுக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

நூற்றொன்றின்_மகள்

மாமா, மரியாதையோடு மறுக்கிறேன். அங்கே பிள்ளைக்கு இடமே கிடைக்கவில்லை. இங்கே இடம் உண்டு, விலைதான் கூட. அதோடு இங்கே பெரும்பான்மை பிரெஞ்சுக்காரர், நாங்கள் வந்து சேர்ந்தவர்கள். யாரை எங்கள் இடத்தில் வைத்துப் பார்ப்பது என்று எனக்கும் அப்பாவுக்கும் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சண்டை.

பிராம்ப்டன்_தம்பி

சரி, சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் குளிர்கால டயர் டிசம்பர் 1க்குள் மாட்டாவிட்டால் அபராதம், குடும்ப டாக்டர் கிடைக்காது, சாலை முழுக்கக் குழி. இதையும் இல்லை என்று சொல்வீர்களா?

பழைய_மொன்றியல்காரன்

குழி உண்மை.

பதிவு_மேசை_அக்கா

எல்லோரும் ஒரு மூச்சு விடுங்கள். அந்தப் பெண் அடுத்த வாரம் பணம் கட்ட வேண்டும். நான் பல வருடம் ஒரு பதிவாளர் அலுவலகத்தில் இதே தாள்களைப் பார்த்த ஆள்.

நித்தமும் இதே சிக்கல்தான், கேட்பவர் முக்கியமானதைச் சொல்வதில்லை. தங்கச்சி, இதற்கெல்லாம் பதில் போடுங்கள்: மகள் நிரந்தரவாசியா, குடியுரிமை உள்ளவளா, ஸ்டடி பெர்மிட்டா? நீங்கள் எந்த மாகாணத்தில் இருக்கிறீர்கள்? கணவர் எங்கே? "அட்ரஸை மாற்றினால் போதும்" என்றால் யாருடைய அட்ரஸ்? மகள் 12ஆம் வகுப்பு எங்கே முடித்தாள்?

கோவைப்பெண்

மன்னிக்கணும், தலைப்பில் போட்டுவிட்டு உள்ளே எழுத மறந்துவிட்டேன். நாங்கள் மூன்று பேரும் பிஆர். நானும் மகளும் ஒன்டாரியோவில், மிசிசாகாவில். 12ஆம் வகுப்பு இங்கேதான் முடித்தாள். கணவருக்கு கியூபெக்கில், மாண்ட்ரியலை ஒட்டிய லாவாலில் வேலை கிடைத்து ஏப்ரலிலிருந்து அங்கே இருக்கிறார். நண்பர் வீட்டில் ஒரு ரூம், வாடகையைக் கையில் கொடுக்கிறார். ஒப்பந்தம் நண்பர் பேரில்.

பதிவு_மேசை_அக்கா

அப்படிச் சொல்லுங்கள்! முதல் பதிவிலேயே இது வந்திருந்தால் இத்தனை சண்டை இருந்திருக்காது. (இருந்திருக்கும், விடுங்கள்.)

மகள் மாண்ட்ரியலில் அறை எடுத்து அட்ரஸை மாற்றினால் ஒன்றும் நடக்காது. படிக்க வந்தவர் அங்கே குடியிருப்பதாலேயே கியூபெக் வாசி ஆகமாட்டார். அந்த வழியில் போனால், முழுநேரப் படிப்பு இல்லாமல் தொடர்ந்து 12 மாதம் அங்கே வசித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. தாயோ தகப்பனோ கியூபெக்கில் வசித்தால், பிஆர் உள்ள பிள்ளை கியூபெக் வாசிக் கட்டணத்துக்குத் தகுதி பெறும். வதிவிட உறுதிப் படிவத்தில் அதற்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. கணவர் அங்கே இருப்பது உண்மைதானே, அப்புறம் என்ன? அதை நிரூபிப்பதுதான் வேலை.

கையில் கொடுக்கும் வாடகைக்குத் தாள் கிடையாது. கணவர் நாளைக்கே நண்பரிடம் பேசி, வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒப்பந்தத்தில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஹைட்ரோ (மின்சார) பில்லோ இன்டர்நெட் பில்லோ அவர் பேருக்கு வரட்டும். கியூபெக் மெடிகேர் அட்டைக்கு விண்ணப்பித்தாரா? அதற்குக் காத்திருப்புக் காலம் மூன்று மாதம் வரை போகும், ஏப்ரலில் போட்டிருந்தால் இந்நேரம் கைக்கு வந்திருக்கும். ஓட்டுநர் உரிமத்தையும் அங்கே மாற்றச் சொல்லுங்கள். எந்தத் தாள் செல்லும் என்ற பட்டியல் பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும், அதைப் பார்த்தே அனுப்புங்கள். இல்லாத ஒப்பந்தத்தை எழுதி அனுப்புகிற யோசனையை யாராவது சொன்னால் அவரைத் தூர வையுங்கள்.

நம்மவருக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். அப்பாவின் பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் தாத்தாவின் பெயர். மேசையில் இருப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இவர்கள் ஒரே குடும்பமா?" என்பார். பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் அங்கே பேசும். கோவை மாநகராட்சிச் சான்றிதழ் என்றால் தமிழ், ஆங்கிலம் இரண்டும் இருக்கும், மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம். குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இல்லையே?

கோவைப்பெண்

இல்லை அக்கா. பிஆருக்காக அப்போதே என் தம்பி அலைந்து பெயரைப் பதிய வைத்தான். எடுத்து வைத்துவிட்டேன். ஆனால் கணவர் பெயரில் ஒரு எழுத்து மாறி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஒரு 'ஏ', சான்றிதழில் இரண்டு.

பதிவு_மேசை_அக்கா

அது பெரிய விஷயமில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை உறுதிமொழி ஆணையர் முன்னால் கையெழுத்திட்டுச் சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் கேள்வி வந்தால் மின்னஞ்சலில் கேட்பார்கள்.

முன்பணத்தைக் கட்டிவிடுங்கள், இடம் போய்விடக் கூடாது. முதல் பில் 12,000 கணக்கில்தான் வரும். தாள்கள் ஏற்கப்பட்டதும் மாற்றிப் போடுவார்கள். ஒவ்வொரு தவணைக்கும் தாள் கொடுக்கக் கடைசி நாள் உண்டு, அது தவறினால் அந்தத் தவணைக்கு முழுக் கட்டணம்தான், பின்னால் திருப்பித் தருவதில்லை. ஒன்டாரியோவில் 12ஆம் வகுப்பு முடித்தவள் சேஜெப் (கியூபெக்கில் பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் கல்லூரிப் படிப்பு) படிக்காதவள், அதனால் அவளுக்கு நான்கு வருடப் படிப்பு. வருடம் 9,000 வித்தியாசம் என்றால் 36,000 ஆகிறது. கணவரின் ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. கடனுதவி கேட்பதாக இருந்தால் ஒன்டாரியோ, கியூபெக் இரண்டில் ஏதாவது ஒன்றிடம்தான் கேட்க முடியும். கட்டணப் பிரச்சினை தீர்ந்த பிறகு அதைப் பார்க்கலாம்.

நாத்தனாரிடம் சொல்லுங்கள்: வாக்கெடுப்பு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது, தாள் கொடுக்கும் நாள் மட்டும் நிச்சயம் வரும்.

நூற்றொன்றின்_மகள்

மகள் வந்ததும் அரசின் இலவச பிரெஞ்சு வகுப்பில் பதியச் சொல்லுங்கள், கணவரும் சேரலாம். பகுதிநேர வேலைக்கு அதுதான் கதவு.

கோவைப்பெண்

கணவர் இப்போதுதான் ஃபோன் செய்தார். மெடிகேர் அட்டைக்கு மே மாதம்தான் போட்டாராம், இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்கச் சம்மதம், ஆனால் படிவம் முழுக்க பிரெஞ்சில் இருக்கிறது, எங்கே கையெழுத்து என்று தெரியவில்லை என்கிறார்.

பழைய_மொன்றியல்காரன்

லாவாலில் எந்தப் பக்கம்? ஞாயிறு காலை அந்தப் பக்கம் வருகிறேன். தனிச் செய்தியில் நேரத்தைப் போடுங்கள், படித்துச் சொல்லிவிடுகிறேன்.