புதுப்பிப்பு: பறவை கிளம்பினாலும் நிக்கிறான்

போன மாசம் எழுதியிருந்தேன்ல, எங்க ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் (பறவை வாசனை பட்டதும் அசையாம நின்னு காட்ட வேண்டிய வேட்டை நாய்) மோப்பம் பிடிச்சு பத்து செகண்டு கூட நிக்காம காடை மேல பாய்ஞ்சிடுறான்னு, அதோட அப்டேட் இது. தப்பு எங்கன்னு இப்ப புரியுது, நான் வச்ச பண்ணைக் காடை ஒழுங்கா பறக்கல, ரெண்டு தடவை வாயில பிடிச்சிட்டான், பாய்ஞ்சா கிடைக்கும்னு மனசுல பதிஞ்சுபோச்சு. அதனால நல்லா பறக்கிற புறாவுக்கு மாறிட்டேன். புறாவை ரிமோட் லாஞ்சர்ல (பட்டன் அமுக்கினா பறவையை மேல எறியிற பெட்டி) வச்சு புல்லுக்குள்ள மறைச்சிட்டு, 30 அடி கயித்துல அவனைக் காத்துக்குக் குறுக்கால கூட்டிட்டு வருவேன், வாசனை பட்டு நின்னா சரி, ஒரு அடி முன்ன வச்சா உடனே பட்டன், புறா போயிடும். நான் கத்துறதே இல்ல, பறவையே சொல்லிக் கொடுக்கட்டும்.

நேத்து காலைல முன்னங்கால் ஒண்ணை மடக்கி, வாலை விறைச்சு, மூக்கு மட்டும் துடிக்க அப்படியே நின்னான். நான் முன்னாடி போய் புல்லை உதைச்சு, பட்டனை அமுக்கி புறாவைக் கிளப்பினப்பவும் தலைதான் திரும்புச்சு, கால் நகரல. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சத்தியமா.

பயிற்சியில துப்பாக்கிச் சத்தத்தை இன்னும் சேர்க்கல, அவசரப்பட மாட்டேன். நவம்பர்ல இங்க கன்சாஸ்ல பாப்வைட்ங்கிற காட்டுக் காடை வேட்டை சீசன் ஆரம்பிக்கும், அதுங்க கூட்டமா ஒரே நேரத்துல எழும்பும், அப்ப நிக்கிறானான்னு பாக்கணும்.