இல்க்லி மூர் பாறைகள்ல பழங்காலத்து ஆளுங்க கொத்தின குழி வளையமெல்லாம் எந்த நேரத்துல போனா கண்ணுக்குத் தெரியும்?

லீட்ஸ்வாசி:
போன சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிட்டு ட்ரெயின்ல இல்க்லி மூர் போனேன், இங்கிலாந்துல யார்க்‌ஷயர்ல இருக்குற அந்தப் புதர்க்காட்டு மேட்டுநிலம். அங்க பேட்ஜர் ஸ்டோன்னு கொத்துவேலை இருக்குற ஒரு பாறையை ஜிபிஎஸ் வெச்சு கண்டுபிடிச்சு முன்னாடியே நிக்கிறோம், ஆனா உச்சிவெயில்ல வெறும் சொரசொரப்பான கல்லாதான் தெரிஞ்சுது, போட்டோல பாத்த குழி வளையம் ஒண்ணும் சரியா தெரியல. பொண்ணு சாக்பீஸ்ல வரைஞ்சு பாக்கலாமான்னா, வேணாம்னுட்டேன். சரிதானே?

மேட்டுக்காடு:
ரொம்ப சரி. சாக்பீஸ் போட்டா நாம யூகிச்ச கோட்டைத்தான் அடுத்து வர்றவங்க பாப்பாங்க, அப்புறம் அது சட்டப்படி பாதுகாக்குற சின்னம். பாசியையும் சுரண்டாதீங்க. சாய்வெயில்தான் வேணும், காலைல இல்லன்னா பொழுது சாயும்போது போங்க, குளிர்காலத்துல சூரியன் நாள் பூரா தாழ்வாவே இருக்கும் அதனால இன்னும் நல்லா தெரியும். மேகமா இருந்தா டார்ச்சைக் கல்லோட ஒட்டி பக்கவாட்டுல அடிங்க, குழிக்குள்ள நிழல் விழுந்து வளையமெல்லாம் அப்படியே எழும்பி வரும், முதல் தடவை பாத்தப்ப எனக்குப் பேச்சே வரல.

கல்லுப்பித்தன்:
நம்ம ஊர்ல அம்மி கொத்துவாங்கல்ல, அதே மாதிரி புள்ளி புள்ளியா கொத்தினதுதான், ஆனா இரும்பு உளி கிடையாது, கெட்டியான இன்னொரு கல்லை வெச்சு. புதிய கற்காலத்துலேர்ந்து வெண்கலக் காலத் தொடக்கம் வரைக்கும்னு சொல்றாங்க, அதாவது 4000 வருஷத்துக்கும் மேல.

லீட்ஸ்வாசி:
சுவஸ்திகா கல்லுன்னு ஒண்ணு இருக்காமே, அதுவும் அதே காலமா?

கல்லுப்பித்தன்:
அது தனி ரகம். வளைஞ்ச கையோட இருக்குற அந்த உருவம் இத்தாலில வால் கமோனிகா பாறைகள்ல இருக்குறதோட ஒத்துப்போகுது, அதனால இரும்புக் காலமா இருக்கலாம்னு ஒரு கருத்து. கம்பிவேலிக்குள்ள முன்னாடி பளிச்சுன்னு தெரியுறது பிற்காலத்துல செஞ்ச நகல், நிறைய பேர் அதை மட்டும் போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடறாங்க, ஒரிஜினல் அதுக்குப் பின்னாடி மங்கலா இருக்கு.

மேட்டுக்காடு:
இதே மாதிரி கொத்துவேலை இருக்குற பனோரமா கல்லுங்களை 1890கள்ல மூர்லேர்ந்து பேர்த்து ஊருக்குள்ள செயின்ட் மார்கரெட் சர்ச்சுக்கு எதிர்ல கொண்டு வெச்சாங்க. அதைப் பாத்தா எனக்கு மனசே ஆறாது, கொத்தினவங்க பாத்த பள்ளத்தாக்கும் இல்ல வானமும் இல்ல. அதனால பொண்ணை ஹேங்கிங் ஸ்டோன்ஸ்ங்கிற கொத்துவேலைப் பாறைக்குக் கூட்டிட்டுப் போங்க, கவ் அண்ட் காஃப் பாறைகிட்டதான். கல்குவாரி ஓரத்துல தப்பிச்சு அதே எடத்துல நிக்குது.