ஐரிஷ் வாட்டர் ஸ்பேனியல்: நீந்தின பிறகு காது நாற்றம், முடிச்சு, தொங்கும் வால்

கேள்வி: 2 வயசு ஆண் நாய். தினமும் ஏரியில் நீச்சல். காதில் புளிச்ச வாடை, காதுக்குப் பின்னால் முடி முடிச்சு. நேற்றிலிருந்து வாலைத் தூக்கவே மாட்டேங்குது. என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் காது. மடல் கனமாகத் தொங்குவதால் உள்ளே ஈரம் காயாது, ஈஸ்ட் என்ற பூஞ்சை பெருகும். வாடை வந்தாச்சு என்றால் டாக்டர் செவிப்பறையைப் பார்த்துவிட்டுத்தான் சொட்டு மருந்து. பழைய பாட்டிலை எடுத்து ஊத்தாதீங்க.

காது குணமான பிறகு, நீந்தி வந்ததும் நாய்களுக்கான காது கிளீனரைத் துளை நிறைய விட்டு, அடிப்பகுதியை அரை நிமிஷம் பிசையுங்க. சளக் சளக்னு சத்தம் கேட்கணும். தலையை உதற விட்டு, பஞ்சால் வெளியே வருவதை மட்டும் துடைங்க. பட்ஸ் வேண்டாம், அழுக்கை உள்ளே தள்ளிவிடும்.

பதில் 2: முடிச்சை நனையும் முன்னாடியே எடுக்கணும். நனைந்து காய்ந்தால் இறுகிடும். ஸ்டீல் சீப்பு தோல் வரை போகணும். மேலாகச் சீவுவது கண்துடைப்பு. அக்குள், காலிடுக்கையும் பாருங்க. நீந்தினதும் நல்ல தண்ணியில் அலசினால் போதும். அடிக்கடி ஷாம்பு போட்டால் தண்ணி ஒட்டவிடாத எண்ணெய்ப்பசை போயிடும்.

பதில் 3: வால் அடியிலிருந்தே தொய்ந்திருந்தால் 'லிம்பர் டெய்ல்' ஆக இருக்கலாம். குளிர்ந்த நீரில் அதிகம் நீந்தினால் வரும் தசைப்பிடிப்பு. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகும். நாம போடுற வலி மாத்திரை ஐபுப்ரோஃபென் கொடுத்துடாதீங்க, நாய்க்கு விஷம். காதுக்காகப் போகும்போதே வாலையும் காட்டிடுங்க, எலும்பு முறிவும் இப்படித்தான் தெரியும்.