வாலை உரசி உரசி முடியே போச்சு, என்ன தடவலாம்? அவசரம்

மின்னல்தோழி:
எல்லாருக்கும் வணக்கம். என் குதிரை வாலைக் கொண்டுபோய்த் தூண்ல உரசிக்கிட்டே இருக்கு. வால் அடியில முடி மொத்தமும் கொட்டிருச்சு, நேத்து ரத்தமும் வந்துருச்சு. வேப்பெண்ணெய் தடவிப் பாத்தேன், கேக்கல. வேற என்ன தடவலாம்? ராத்திரியெல்லாம் அந்த உரசுற சத்தம்தான், பாக்கவே முடியல. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

லாயத்துப்பையன்:
சகோ, வயசு என்ன? எத்தனை நாளா இப்படி? வால் மட்டுமா, பிடரியையும் உரசுதா? வயித்துக்கு அடியில, முகத்துல ஏதாவது? கூட வேற குதிரை இருந்தா அதுக்கும் இருக்கா? கடைசியா பூச்சி மருந்து எப்ப குடுத்தீங்க, எந்த மருந்து? முடிஞ்சா ஒரு படம் போடுங்க. அரிப்புங்கறது ஒரு நோய் இல்ல, பத்து நோய்க்கு ஒரே அடையாளம். என்னன்னு தெரியாம எதைத் தடவச் சொல்றது?

பச்சைமேடு:
முடி கொட்டுதுன்னாலே படர்தாமரைதான். எங்க லாயத்துல ஒண்ணுக்கு வந்து ஆறு குதிரைக்குப் பரவுச்சு, எனக்கும் கையில வட்டம் வட்டமா வந்துச்சு. கையுறை போட்டுத் தொடுங்க. பிரஷ், சேணத்துணி எல்லாத்தையும் அந்தக் குதிரைக்குன்னு தனியா வைங்க. மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பு போட்டு, பத்து நிமிஷம் ஊற விட்டுக் கழுவுங்க.

கால்நடைமாணவி:
கையுறை போடச் சொன்னது சரி. ஆனா படர்தாமரை பெரும்பாலும் இவ்வளவு அரிக்காது. சேணமும் வார்ப்பட்டையும் உரசுற இடத்துல, முகத்துல, கழுத்துல ஆரம்பிக்கும். முடி ஒடிஞ்சு, செதில் செதிலா இருக்கும். ரத்தம் வர்ற அளவுக்குத் தூண்ல உரசுற குதிரைன்னா நான் வேற பக்கம்தான் முதல்ல பாப்பேன். லாயத்துப்பையன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வரட்டும்.

நாலுகால்பாய்ச்சல்:
இதே கேள்விக்கு வருஷா வருஷம் பதில் எழுதிக்கிட்டு இருக்கேன். மேல தேடுற பெட்டி இருக்கு, அதுல ‘வால் அரிப்பு’ன்னு அடிச்சிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். குதிரை வளர்க்க வர்றவங்க முதல்ல படிக்கணும், அப்புறம் கேக்கணும்.

இது ஸ்வீட் இட்ச். சந்தேகமே வேண்டாம். குலிகாய்டிஸ்னு ஒரு பொடிக் கொசு, 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். அது கடிக்கிறப்ப இறங்குற எச்சில் சில குதிரைகளுக்கு அலர்ஜி. பிடரியும் வால் அடியும்தான் அதுக்குப் பிடிச்ச இடம். ஐஸ்லாந்துக் குதிரைகளைப் பாருங்க. சொந்த மண்ணுல இந்தத் தொல்லை இல்லாம வளந்த குதிரையை ஐரோப்பியக் கண்டத்துக்குக் கொண்டுபோனா, அங்க பொறந்த குதிரைகளைவிட அதுங்கதான் அதிகமா அவதிப்படுது. சின்ன வயசுல பழகாத கடி.

செய்ய வேண்டியது: பொழுது சாயுறதுக்கு முன்னாடியே உள்ள கட்டுங்க, விடிஞ்சு வெயில் ஏறின பிறகு வெளிய விடுங்க. லாயத்துல பெரிய மின்விசிறி ஓடட்டும். இந்தக் கொசுவால காத்தை எதிர்த்துப் பறக்க முடியாது. உடம்பு முழுக்க மூடுற நுண்வலைப் போர்வை போடுங்க. சாதாரண ஈ வலைன்னா கொசு உள்ள பூந்துரும். குதிரைக்குன்னு வர்ற பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி தெளிக்கலாம், ஆனா வீட்டுல பூனை இருந்தா அதுகிட்டப் போகவே கூடாது, பூனைக்கு அது விஷம். பக்கத்துல சேறும் சாணக் குவியலும் இருந்தா அப்புறப்படுத்துங்க. இதைச் செய்யாம எத்தனை எண்ணெய் தடவினாலும் வீண்.

மின்னல்தோழி:
மன்னிக்கணும், லாயத்துல இருந்தேன், இப்பதான் பாத்தேன். பெண் குதிரை, 11 வயசு. மூணு வாரமா இருக்கு. வால் மட்டும்தான், பிடரி நல்லாதான் இருக்கு. படம் ஏற மாட்டேங்குது. போர்வை வாங்கிடவா?

ஏர்க்கால்:
எதுக்குப் போர்வை? மாட்டுக்கு உண்ணி வந்தா தண்ணியில கலந்து ஊத்துவோமே, அமிட்ராஸ், நாய்ச் சொறிக்கும் அதேதான். அதை ரெண்டு தடவை ஊத்துங்க. பேனோ உண்ணியோ சொறிப்பூச்சியோ, எதுவா இருந்தாலும் செத்துரும்.

கால்நடைமாணவி:
ஊத்தாதீங்க. மின்னல்தோழி, தயவுசெஞ்சு அமிட்ராஸை உங்க குதிரைகிட்டக் கொண்டு போகாதீங்க. மாட்டுக்கும் நாய்க்கும் ஒத்துக்கற மருந்து குதிரைக்கு ஒத்துக்காது. அது குதிரையோட குடல் அசைவையே நிறுத்திரும். பெருங்குடல்ல தீவனம் அப்படியே கெட்டியாகி அடைச்சு, கோலிக்னு சொல்ற கடுமையான வயித்து வலி வந்துரும். உயிருக்கே ஆபத்து.

ஏர்க்கால்:
நான் ஊத்தியிருக்கேன் தாயி. எங்க பழைய குதிரைக்கு ஒண்ணும் ஆகல. புத்தகத்துல எழுதினது எல்லாம் நடக்கணும்னு இல்ல.

கால்நடைமாணவி:
ஐயா, உங்க அனுபவத்தை நான் குறைச்சுச் சொல்லல. ஒரு குதிரை தப்பிச்சது அதோட நல்ல நேரம். அந்த மருந்துப் புட்டியிலயே குதிரைக்குக் கூடாதுன்னு போட்டிருக்கும், ஒரு தடவை எடுத்துப் படிங்க. பேன்தான்னு வச்சுக்கிட்டாலும் குதிரைக்கான பெர்மெத்ரின் இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போட்டா ஈர்ல இருந்து பொரிஞ்சு வந்ததும் போயிரும். அதோட பேன் கண்ணுக்கே தெரியும். பிடரி அடியில முடியை விலக்கி, நல்ல வெளிச்சத்துல பாத்தாப் போதும்.

சேணம்:
ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா நாளைக்கே அரிப்பு நின்னுரும். எதுக்கு இவ்வளவு பேச்சு?

லாயத்துப்பையன்:
நிக்கும், மருந்து தீர்ந்ததும் திரும்ப வரும். எங்க பக்கத்து லாயத்துல வெட் (கால்நடை டாக்டர்) கிட்டக் கேக்காம டெக்ஸாமெத்தசோன்கற ஸ்டீராய்டைத் தொடர்ந்து போட்டு, குதிரைக்கு லேமினைடிஸ், அதான் குளம்புக்குள்ள அழற்சி, வந்துருச்சு. குளம்பைக் கீழ வைக்க முடியாம அது நின்ன நிலைமை இன்னும் கண்ணுலயே இருக்கு. உடம்பு பெருத்த குதிரை, ஏற்கெனவே குளம்புத் தொல்லை வந்த குதிரைன்னா ஆபத்து இன்னும் கூட. ஸ்டீராய்டே கூடாதுன்னு சொல்லல. வெட் பாத்து, அளவு சொல்லி, நாள் கணக்கு வச்சுக் குடுக்கட்டும்.

சேணம்:
எல்லா ஸ்டீராய்டுக்கும் லேமினைடிஸ் வந்துராது. வெட்டுங்க தினமும் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. பயமுறுத்தாதீங்க.

லாயத்துப்பையன்:
வெட் போடுறதும் நாமளே ஊசியைக் கையில எடுக்கறதும் ஒண்ணா? அதைத்தான் சொல்றேன்.

நாலுகால்பாய்ச்சல்:
இழை எங்கயோ போகுது. நோய் என்னன்னு நான் முதல்லயே சொல்லியாச்சு.

கால்நடைமாணவி:
சார், எனக்கு அதுலதான் சந்தேகம். ஸ்வீட் இட்ச் பெரும்பாலும் சின்ன வயசுலயே தலைகாட்டும், அப்புறம் ஒவ்வொரு கொசுக் காலத்துலயும் கூடிக்கிட்டே போகும். இது 11 வயசுல முதல் தடவை, அதுவும் பிடரியைத் தொடாம வால் மட்டும். வரவே வராதுன்னு சொல்லல, ஆனா எனக்கு இடிக்குது. மின்னல்தோழி, பூச்சி மருந்து பத்தியும் கூட இருக்கற குதிரை பத்தியும் நீங்க இன்னும் சொல்லல. இப்ப உங்க பக்கம் கொசு இருக்கா?

மின்னல்தோழி:
கொசு இல்ல, ரெண்டு மாசமா ஒரே வறட்சி. பூச்சி மருந்து குடுத்துட்டேன், ஐவர்மெக்டின் பேஸ்ட், ரெண்டு மாசம் முன்னாடி. சாணமும் பரிசோதனைக்குக் குடுத்தேன், முட்டை இல்லன்னுதான் வந்துச்சு. அதனாலதான் புழுவைப் பத்தி எழுதல. இன்னொரு பெண் குதிரை இருக்கு, 4 வயசு. அது முந்தாநாள்ல இருந்து லேசா உரச ஆரம்பிச்சிருக்கு. இதுவும் சொல்லணுமான்னு தெரியல: வாலைத் தூக்கிப் பாத்தா ஆசனவாயைச் சுத்தி மஞ்சளும் சாம்பலுமா ஏதோ பூசின மாதிரி காஞ்சு ஒட்டியிருக்கு. சாணம்னு நெனச்சுக் கழுவிட்டேன், திரும்ப வந்துருச்சு.

கால்நடைமாணவி:
அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்! அது சாணம் இல்ல, கீரிப்பூச்சி முட்டையா இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆக்ஸியூரிஸ் ஈக்விங்கற குடல் புழு. பெண் புழு பெருங்குடல்ல இருந்து ஆசனவாய்க்கு வந்து, வெளித்தோல்ல பசை மாதிரி ஒரு திரவத்தோட ஆயிரக்கணக்குல முட்டையைப் பூசிட்டுப் போகும். அந்தப் பசை காஞ்சு இழுக்கறப்பதான் குதிரைக்குத் தாங்க முடியாத நமைச்சல். முட்டை வெளிய ஒட்டியிருக்கறதால சாணப் பரிசோதனையில பெரும்பாலும் தெரியாது. அந்த அறிக்கையை நம்பி விட்டுராதீங்க. ஐவர்மெக்டினுக்கும் இந்தப் புழு பல இடங்கள்ல சரியா சாகறதில்ல.

நாளைக்குக் காலையில கழுவாம இதைச் செய்ங்க. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற செல்லோ டேப்பை எடுங்க, மங்கலான டேப் வேண்டாம். கையுறை போட்டு, வாலை ஒரு பக்கமா ஒதுக்கி, அந்தப் பொருக்கு மேல டேப்பை அழுத்தி எடுத்து, நுண்ணோக்கியில வைக்கற கண்ணாடித் தகடுல ஒட்டி வெட் கிட்டக் குடுங்க. குதிரைக்கு நேர் பின்னால நிக்காதீங்க, புண்ணான இடம், உதைச்சிரும். முட்டைன்னா நுண்ணோக்கியில நீள்வட்டமா, ஒரு பக்கம் தட்டையா, ஒரு முனையில மூடி வச்ச மாதிரி தெரியும். முதல் நாள் கிடைக்கலன்னா விட்டுராம இன்னும் ரெண்டு நாள் எடுங்க.

பச்சைமேடு:
கீரிப்பூச்சின்னா வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டுமே?

கால்நடைமாணவி:
ஒட்டாது. பிள்ளைகளுக்கு வர்றது வேற புழு. குதிரைப் புழு குதிரைக்குத்தான். படர்தாமரை மாதிரி பயப்பட வேண்டாம்.

நாலுகால்பாய்ச்சல்:
கூட இருக்கற குதிரைக்கும் வந்துருச்சுன்னு முதல்லயே எழுதியிருந்தா நான் ஸ்வீட் இட்ச்னு சொல்லியிருக்க மாட்டேன். அலர்ஜி ஒரு குதிரையில இருந்து இன்னொண்ணுக்குத் தாவாது. சரி, டேப் எடுத்துப் பாருங்க. ஒண்ணு சேத்துச் சொல்றேன். காஞ்ச பொருக்கு உதிர்ந்து தூண்ல, தீவனத் தொட்டி விளிம்புல, தண்ணி வாளியில எல்லாம் முட்டை கிடக்கும். உரசுன தூணைச் சுடுதண்ணி ஊத்தித் தேய்ச்சுக் கழுவுங்க. வால் அடியைத் தினமும் ஈரத் துணியால துடைச்சு, அந்தத் துணியைத் தூரப் போட்டுருங்க. ஒரே துணியால ரெண்டு குதிரைக்கும் துடைக்கவே கூடாது.

மின்னல்தோழி:
காலையில டேப் எடுத்துட்டேன். ரெண்டுக்கும். வெட் கிட்டக் கொண்டு போறேன்.

லாயத்துப்பையன்:
என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க சகோ. நிறைய பேர் கேட்டுட்டு அப்படியே காணாமப் போயிடறாங்க, பின்னால படிக்கறவங்களுக்கு முடிவே தெரியறதில்ல.

வெள்ளைக்குளம்பு:
இடையில வர்றேன், மன்னிக்கணும். எங்க குதிரைக்கு வால்ல ஒண்ணும் இல்ல, பின்னங்கால் அடிப்பக்கம் அடர்த்தியா முடி இருக்கற இடத்துல கடிச்சுக்கிட்டே இருக்கு. ராத்திரி காலைத் தரையில ஓங்கி ஓங்கி அடிக்குது. இதுவும் கீரிப்பூச்சியா?

கால்நடைமாணவி:
இல்ல, அது காலுக்குப் போகாது. நீங்க சொல்றது கால் சொறிப்பூச்சி மாதிரி இருக்கு, கோரியாப்டிஸ். அடர்ந்த கால்முடி உள்ள குதிரைக்குத்தான் அதிகம் வரும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில பாத்தாத் தெரியும். தனி இழை போட்டு வயசு, எத்தனை நாளா, கூட எத்தனை குதிரைன்னு எல்லாம் எழுதுங்க, வர்றேன்.

மின்னல்தோழி:
ரெண்டு டேப்லயும் முட்டை இருந்துச்சு. வெட் பைரன்டெல்னு வேற பூச்சி மருந்து குடுத்திருக்கார், சின்னதுக்கும் சேத்து. எப்ப திரும்பக் குடுக்கணும்னு அவரே சொல்றேன்னார். தூணைக் கழுவிட்டேன். நேத்து ராத்திரி சத்தம் குறைச்சல். லாயத்துக்குப் போறேன், எல்லாருக்கும் நன்றி.

ஏர்க்கால்:
சந்தோஷம். புட்டியை எடுத்துப் பாத்தேன் தாயி, குதிரைக்குக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு.