36 கம்பி பின் வீல் கட்ட எந்த ஹப் எடுக்கலாம்? (135 மி.மீ., டிஸ்க், 9 ஸ்பீடு)

லோடு கேரியர்:
வணக்கம். சைக்கிளுக்குப் பின் வீல் புதுசா கட்டணும், அதுக்கு ஹப் (வீல் நடுவுல அச்சச் சுத்தி ஓடற பாகம்) வேணும். ரிம் கையில இருக்கு: 700சி, 36 துளை, இரட்டைச் சுவர். ஃப்ரேம்ல பின்பக்க இடைவெளி 135 மி.மீ., குவிக் ரிலீஸ், டிஸ்க் பிரேக், 9 ஸ்பீடு. ஆள் 90 கிலோ, கேரியர்ல 15 கிலோ. கடையில மூணு வகை காட்டறாங்க: ஃப்ரீவீல் (பல்சக்கரமும் ராட்செட்டும் ஒண்ணா இருக்கறது) திருகற மரை போட்ட ஹப், கோன்-பால்ரஸ் ஃப்ரீஹப் (ராட்செட் ஹப்லயே இருக்கும்), சீல்டு பேரிங் ஃப்ரீஹப். எதைப் பார்த்து முடிவு பண்றது? ஃப்ளாஞ்ச் (கம்பி மாட்டற துளை இருக்கற ஓர வட்டு) பெருசா இருந்தா வீல் பலமா இருக்கும்ங்கறாங்களே, நிஜமா?

நிப்பிள் சாவி:
முதல் வகைய இப்பவே தள்ளிடுங்க. மரை ஹப்ல வலப்பக்கக் கோன் (குண்டுகள அழுத்திப் பிடிக்கற கூம்பு நட்டு) ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் ஒளிஞ்சிருக்கும். அங்கிருந்து ஃப்ரேம் வரைக்கும் அச்சு தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். 90 கிலோ ஆள், மேல லோடு, ரோட்டுல ஒரு குழி. அச்சு வளையறது அந்த இடத்துலதான். ஷிமானோ மாதிரி ஃப்ரீஹப்ல வலப்பக்க பால்ரஸ், பல்சக்கரக் கொத்து (கேசட்) ஏறற பாடியோட வெளி நுனியில உக்காந்திருக்கு. அதனால நீட்டல் குறைவு.

ஃப்ளாஞ்ச் பெருசா சின்னதாங்கறத விட, நடுவுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுதான் பெரிய விஷயம். வெர்னியர் எடுத்துட்டுப் போய்க் கடையிலயே அளந்துடுங்க. லாக்நட் (அச்சு நுனியில ஃப்ரேம்ல முட்டற நட்டு) வெளிமுகத்துல இருந்து ஃப்ளாஞ்ச் தடிமனோட மத்தி வரைக்கும். உதாரணத்துக்கு, செயின் பக்கம் 47.5 வந்தா, 135-ல பாதி 67.5, கழிச்சா 20. டிஸ்க் பக்கம் 33.5 வந்தா மிச்சம் 34. 20-ஐ 34-ஆல வகுத்தா 59 சதவீதம். செயின் பக்கம் 120 கிலோ டென்ஷன் வச்சா டிஸ்க் பக்கம் 70 கிலோதான் நிக்கும்னு அர்த்தம். இந்த சதவீதம் 50 பக்கம் இறங்கற ஹப்ப எடுக்காதீங்க. தளர்ந்த பக்கத்துக் கம்பி ஒவ்வொரு சுத்துலயும் தொங்கித் தொங்கி இழுபடும். நிப்பிள் (கம்பிய ரிம்ல பிடிக்கற நட்டு) தானா கழலும், அப்புறம் கம்பி முழங்கையில (தலைக்குப் பக்கத்து வளைவுல) முறியும். "கம்பி மட்டம்"னு கடைக்காரர் மேல பழி போடுவோம்.

9 ஸ்பீடுக்கு 11 ஸ்பீடு ரோடு பாடி வேண்டாம். அது 1.85 மி.மீ. நீளம் அதிகம், ஸ்பேசர் போட்டா கேசட் உக்காரும்தான், ஆனா செயின் பக்க ஃப்ளாஞ்ச் இன்னும் உள்ள போயிருக்கும். 8/9/10 பாடி போதும்.

பால்ரஸ்:
கோனா சீல்டா? ரெண்டும் ஓடும். பிரிச்சு மாட்டத் தெரிஞ்சவங்களுக்குக் கோன் என் ஓட்டு. பின்னால பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குலம். 15 கோன் ஸ்பேனர், 17 ஸ்பேனர், கிரீஸ் இருந்தா வேலை முடிஞ்சது. ஒரு சூட்சுமம்: குவிக் ரிலீஸ இறுக்கும்போது அச்சு துளி அமுங்கும். அதனால கையில பிடிச்சு ஆட்டினா நூலளவு ஆட்டம் தெரியற மாதிரி விடணும். ஃப்ரேம்ல மாட்டி இறுக்கினதும் அது மறையணும். கையிலயே ஆட்டம் இல்லாம இறுக்கிட்டா கோன் குழி விழும். குழி விழுந்த கோன மாத்தலாம். கப்ல (ஹப்புக்குள்ள குண்டு ஓடற கிண்ணம்) குழி விழுந்தா ஹப்பே போச்சு. கிரீஸ் மாத்தாம ஓட்டறவங்களுக்குக் கோன் ஹப் சரிப்படாது.

சீல்டுல அந்தக் கவலை இல்ல. 6902 மாதிரி நம்பர் பேரிங் மேலயே இருக்கும், பேரிங் கடையில கேட்டா கிடைக்கும். ஆனா புதுச ஏத்தும்போது வெளி வளையத்துலதான் அழுத்தணும். உள் வளையத்துல சுத்தியல் பட்டா புது பேரிங்கும் கரகரன்னு சுத்தும். அப்புறம் ஃப்ரீஹப் பாடி அலுமினியமான்னு கேளுங்க. தனித்தனி பல்லா வர்ற கேசட் அலுமினியத்த வெட்டிப் பள்ளமாக்கிடும், கழட்டறது பெரும்பாடு. லோடுக்கு ஸ்டீல் பாடி.

லோடு கேரியர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு கோன் ஹப் அளந்தேன்: செயின் பக்கம் 46.5, டிஸ்க் பக்கம் 33. அப்போ 21-க்கு 34.5, 61 சதவீதம் வருது. ஆறு போல்ட் டிஸ்க், ஸ்டீல் பாடி. ஆனா பழசு, ஏற்கெனவே ஒரு வீல்ல இருந்து பிரிச்சது. எடுக்கலாமா? கம்பி நீளம் எப்படிக் கணக்குப் போடறது?

நிப்பிள் சாவி:
அளவு நல்லா இருக்கு. ஆறு போல்ட்டும் நல்லதுதான், வழியில டி25 சாவி ஒண்ணு போதும்.

நீளக் கணக்கு நான் சொன்ன 20-ஐ வச்சே காட்டறேன், உங்க 21-ஐ நீங்க போட்டுக்குங்க. ரிம்மோட ஈ.ஆர்.டி. (கம்பி நுனி முடியற இடத்துல ரிம்மோட விட்டம்) 600, ஃப்ளாஞ்ச் துளை வட்டம் 45 மி.மீ.ன்னு வைங்க. ரெண்டுலயும் பாதி 300, 22.5. வர்க்கங்கள் 90,000 + 506 + 400. 36 துளை, மூணு குறுக்குன்னா (ஒவ்வொரு கம்பியும் வேற மூணு கம்பியக் கடக்கறது) கோணம் 60 டிகிரி, அதுக்கு 2×300×22.5×0.5 = 6,750 கழிக்கணும். மிச்சம் 84,156, வர்க்கமூலம் 290.1. ஃப்ளாஞ்ச் துளையில பாதி 1.3 கழிச்சா 288.8. டிஸ்க் பக்கம் இதே கணக்குல 290.1 வரும். ரெண்டு பக்கமும் ஒரே நீளம் வாங்கிடாதீங்க. ஈ.ஆர்.டி.ய ரிம் ஸ்டிக்கர நம்பாம, எதிரெதிர் துளையில நிப்பிளோட ரெண்டு பழைய கம்பி மாட்டி நீங்களே அளங்க.

பால்ரஸ்:
பழைய ஹப்னா ஃப்ளாஞ்ச வெளிச்சத்துல பாருங்க. துளை முட்டை வடிவமா இழுபட்டிருந்தாலோ துளைக்கும் விளிம்புக்கும் நடுவுல மயிரிழை விரிசல் இருந்தாலோ வாங்காதீங்க. பழைய கம்பி அழுத்தின தடம் தெரியும். புதுக் கம்பியும் அதே திசையில படுக்கற மாதிரி பின்னுங்க. தடத்துக்குக் குறுக்கே போட்டா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். கம்பி 2.0 மி.மீ. போட்டு முழங்கை துளையில லொடலொடன்னு இருந்தா தலைக்குக் கீழ பித்தளை வாஷர் வைங்க. முறுக்கி முடிச்சதும் இணையா ஓடற கம்பிகள ஜோடி ஜோடியா கையால இறுக்கிப் பிழிஞ்சுட்டு, மறுபடி கோட்டம் பாருங்க.

பாடியத் திறந்தா பாவ்ல (ராட்செட் பல்லுல மாட்டற கொக்கி) கெட்டி கிரீஸ் அப்பாதீங்க. பாவ் ஒட்டிக்கிட்டு மிதிக்கும்போது வழுக்கும். லேசான எண்ணெய் ரெண்டு சொட்டு.