சும்மா ஒரு சுத்து: குமரி மாவட்டத்தில் சிறுவயதுக் கார்ப் பயணங்கள்

இறச்சகுளத்துக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து பாட்டா வெற்றிலை போட்டு முடித்ததும் அப்பா சாவியை எடுப்பார். "சும்மா ஒரு சுத்து போயிட்டு வருவமா?" என்பார். எண்பதுகள். பாட்டா வாங்கிய வெள்ளை அம்பாசிடர். ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் இருந்ததால் முன்சீட்டு ஒரே பெஞ்சு. அப்பா, பாட்டா, நடுவில் தம்பி. பின்னால் அம்மா, சித்தி, தங்கை, நான். அம்மாவின் காலடியில் பிளாஸ்க்கில் கட்டன் சாயாவும் ஒரு தூக்கு நிறைய ஏத்தங்காய் உப்பேரியும் இருக்கும். சும்மா ஒரு சுத்துக்கு எதற்கு இவ்வளவு என்று அன்று நான் யோசிக்கவில்லை.

வழி பெரும்பாலும் ஒன்றுதான். அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம், சுருளகோடு, குலசேகரம், கடைசியில் பேச்சிப்பாறை. நடந்து போகிறவர்களோடு பேசிக்கொண்டே போகிற வேகம். சானல் குறுக்கிடும் இடத்திலெல்லாம் வண்டி நிற்கும். அப்பா இறங்கிப் பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்ப்பார். பாட்டா உள்ளேயிருந்தே கேட்பார்: "எம்புடுலே போவுது? கடைமடைக்கு எட்டுமா?" நாங்கள் அதற்குள் சானலில் குளிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, எங்களையும் இறக்கிவிடச் சொல்லி அழ ஆரம்பித்திருப்போம்.

வயல் முடிந்து ரப்பர் தொடங்கும் இடம் கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். காற்று சட்டென்று குளிரும், கூடவே நாற்றமும் வரும். ரப்பர் ஷீட் காயப்போட்ட வாடை தெரியாதவர்களுக்கு அதைச் சொல்லி விளங்க வைக்க முடியாது. தங்கை சேலைத் தலைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். எனக்கும் தம்பிக்கும் அந்த வாடை வந்தால் கொண்டாட்டம், ஏனென்றால் அடுத்தது ஒட்டுப்பால். பால் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் நாடாவை உரித்து உரித்துச் சுற்றினால் பந்து ஆகிவிடும். கடையில் வாங்கும் பந்து அதற்குப் பக்கத்தில் நிற்காது, தரையில் அடித்தால் தலைக்கு மேலே எழும்பும். எஸ்டேட்டில் பால் எடுக்கும் ஒரு அக்கா, சிரட்டையில் உறைந்து கிடந்ததையும் கொடுத்தார். தம்பி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தக் கறை வண்டியை விற்கும்வரை முன்சீட்டில் இருந்தது.

ஒருமுறை கீரிப்பாறைப் பக்கம் போய்த் திரும்ப இருட்டிவிட்டது. எஸ்டேட் தொழிலாளி ஒருவர் டார்ச்சை ஆட்டி நிறுத்தினார். "ஆனை நிக்குது, லைட்டையும் வண்டியையும் அணைங்க" என்றார். அப்பா அணைத்தார். மூங்கில் முறியும் சத்தம் மட்டும் கேட்டது. எங்களுக்கு ஆனை பயம். பெரியவர்களுக்கு வேறு பயம். அந்த அம்பாசிடரை அணைத்துவிட்டு மறுபடி செல்ப் அடித்து எழுப்புவது, பகலிலேயே நாலுபேர் தள்ள வேண்டிய காரியம். "ஆனை போயிரும், இது போவுமா?" என்று பாட்டா கேட்டதும் சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அவள் வாயைப் பொத்தினார். ஆனையை நாங்கள் பார்க்கவே இல்லை. வண்டி ஒரே அடியில் எழும்பியது, அதுதான் அன்றைய அதிசயம்.

பேச்சிப்பாறைக்குப் போனால் அப்பா எங்களை அணையின்மேல் ஓடவிட்டு, தான் மட்டும் அளவுக்கல் பக்கம் போய் நின்றுவிடுவார். அவர் எங்களுக்காகக் காரை எடுக்கவில்லை என்பது நான் வளர்ந்த பிறகுதான் புரிந்தது. எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, ஜூன் மாதம் அணை திறக்க வேண்டும். நிறைந்தால் 48 அடி. தினமும் பேப்பரில் நீர்மட்டம் போடுவார்கள். பாட்டாவுக்குப் பேப்பரில் நம்பிக்கை கிடையாது, மகன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில், 1906-ல் கட்டி முடித்த அணை அது. கட்டிய மிஞ்சின் துரையைப் பற்றிப் பாட்டா பேசுவதைக் கேட்டால் சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். அம்மாவுக்கு இதெல்லாம் முன்பே தெரியும். அதனால்தான் பிளாஸ்க்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா? வேலையே இல்லாமல் யார் வீட்டிலாவது காரை எடுத்திருக்கிறார்களா?

தோவாளை மகள்:

எங்கள் வீட்டில் அப்படி ஒரு ஆடம்பரம் கிடையாது. காரே இல்லை, அப்பாவின் பூ வேன்தான். ஓணம் நெருங்கினால் விடியுமுன்னே சந்தையில் பூ ஏற்றித் திருவனந்தபுரம் போவார். பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் அண்ணனும் தொற்றிக்கொள்வோம். பிச்சிப்பூ மூட்டைமேல் தலை வைத்தால் தூக்கம் சொக்கும். கோழிக்கொண்டை மூட்டை அமைந்தால் கழுத்தெல்லாம் அரிப்பு. இடத்தைப் பிடிக்க எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

போகும்போது அப்பா பேயாய் ஓட்டுவார். பூ வாடினால் காசு போச்சு. வரும்போது வேன் காலி, அவர் வேறு மனுஷன். குழித்துறைப் பாலத்தில் நிறுத்தி ஆற்றைக் காட்டுவார், மார்த்தாண்டத்தில் தேன் வாங்குவார், தக்கலையில் ரசவடை. அப்புறம் பத்மநாபபுரம் அரண்மனை. எங்கள் லோடு அமைவதோ அநேகமாகத் திங்கட்கிழமை, அரண்மனைக்கு விடுமுறையும் திங்கட்கிழமை! மதில்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பியதுதான் மிச்சம். பிறகு ஒருநாள் உள்ளே போனபோது, கறுப்பாய் மின்னிய தரையில் அண்ணன் குனிந்து தலை சீவினான். காவலுக்கு நின்றவர் மலையாளத்தில் திட்டினார். தமிழ்நாட்டுக்குள் ஏன் மலையாளத்தில் திட்டுகிறார் என்று கேட்டதற்கு அப்பா வழியெல்லாம் 1956 கதை சொன்னார். மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்தது, அரண்மனையைப் பார்த்துக்கொள்வது மட்டும் இன்றுவரை கேரள அரசு.

ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வேனையே ஒதுக்கும். முப்பந்தல் இசக்கியம்மனுக்குக் காசு போடாமல் அப்பா தாண்டியதில்லை. காற்றாலைகள் வந்த புதிதில் அண்ணன் அவற்றை எண்ண ஆரம்பிப்பான், வேன் திரும்பியதும் கணக்கு விட்டுப்போகும். இப்போது அந்த வழியில் ஏசி காரில் போகிறேன். கண்ணாடியை இறக்கச் சொன்னால் என் மகனுக்குக் கோபம் வருகிறது, முடி கலைகிறதாம்.

குளச்சல் பேரன்:

மாமா வாடகைக் கார் ஓட்டினார். சவாரி இல்லாத நாளில் எங்களை ஏற்றிக்கொள்வார். "சும்மா கிடந்தா பேட்டரி இறங்கிரும்" என்பது அவர் சொல்லும் காரணம். இறச்சகுளத்துக்காரர் கேட்டதற்குப் பதில் இதுதான், எங்கள் வேலை பேட்டரி ஏற்றுவது.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் போயிருக்கிறோம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிற பாலம், 1966-ல் கட்டியது. அம்மா நாலடி வைத்துவிட்டுத் திரும்பி வந்து காரில் உட்கார்ந்துகொண்டார். கீழே தென்னந்தலைகளை மேலேயிருந்து பார்த்ததை நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஆனாலும் எனக்குக் கடற்கரை ரோடுதான் பிடிக்கும். முட்டத்தில் பாறைமேல் ஏறி லைட்ஹவுஸைப் பார்ப்பது, வழியில் அக்கானி (பதநீர்) குடிப்பது, மண்டைக்காட்டில் பாட்டி புற்றம்மனைக் கும்பிட்டு வரும்வரை மணலில் புரள்வது.

மணவாளக்குறிச்சி மணல் மற்ற இடத்து மணல் இல்லை. கறுப்பும் சிவப்புமாய் வரிவரியாகக் கிடக்கும். அதைச் சலித்துப் பிரித்தெடுக்க அங்கே மத்திய அரசின் ஆலையே இருக்கிறது. நான் டவுசர் பை நிறைய அள்ளிவந்து பின்சீட்டில் கொட்டுவேன். மறுநாள் சவாரி ஏறியவர் வேட்டியெல்லாம் மணல் என்று மாமாவிடம் சண்டை போட்டார். மாமா என்னை அடிக்கவில்லை. பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கழற்றிக் கொடுத்து, சீட்டு இடுக்கெல்லாம் ஓட்டச் சொன்னார். கறுப்பு மணல் மீசையாய் ஒட்டிக்கொண்டு வந்தது. சிவப்பு மணல் அசையவே இல்லை, அதை விளக்குமாறால் பெருக்கினேன்.