கலைச்சொல் வேண்டும்: டார்பிடோப் படகின் ‘சைன்’

சிவகாசி ஓவியர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பள்ளி நூலகங்களுக்கான இரண்டாம் உலகப் போர் நூல் ஒன்றுக்குப் படம் வரைகிறேன். அமெரிக்கக் கடற்படையின் பி.டி. படகு, அதாவது ‘பேட்ரல் டார்பிடோ’, ரோந்து டார்பிடோப் படகு, அதிலும் எல்கோ நிறுவனம் நியூ ஜெர்சியில் கட்டிய 80 அடி வகை. உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்படி இரண்டு பக்கத்துக்கு ஒரே படம். படம் முடிந்துவிட்டது. உறுப்புகளின் பெயர்களில் மூன்று மட்டும் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

முதலில் இது. படகின் அடிப்பலகையும் பக்கப்பலகையும் சந்திக்கும் இடத்தில் அணியம் என்கிற முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை ஒரு கூரான விளிம்பு ஓடும். ஆங்கிலத்தில் ‘சைன்’. உருண்டு சேராமல் முறித்தாற்போல் சேர்ந்தால் ‘ஹார்டு சைன்’. கையெழுத்துப் படியில் ‘கடின முதுகெலும்பு’ என்று இருக்கிறது. இறைச்சி வெட்டுகிற இடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதுகெலும்பு என்று பொருள் உண்டு, அகராதியில் அதுதான் முதலில் கண்ணில் பட்டிருக்கும். படகிலோ அது முதுகுப் பக்கமே இல்லை.

இந்தப் படகுக்கு அந்த விளிம்புதான் உயிர். பின்னால் போகப் போகத் தட்டையாகும் அடி, வேகமெடுத்ததும் நீரை அழுத்தி மேலெழுந்து நீரின்மேல் சறுக்கும். பக்கவாட்டில் ஏறிவரும் நீரை அந்த விளிம்பு வெட்டி வெளியே தள்ளிவிடும். மூன்று பக்கார்டு இயந்திரங்கள், விமான பெட்ரோல், 40 நாட் வேகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, டார்பிடோ, நீருக்குள் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம். ‘நீர்மூழ்கிக் குண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் இதே படகில் நீர்மூழ்கிக் கப்பல்மேல் போடுகிற வேறொரு குண்டும் இருக்கிறது, ஆழத்தில் போய் வெடிப்பது. அதற்கும் அதே பெயர் வந்து நிற்கிறது. மூன்றாவதைப் பிறகு எழுதுகிறேன்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

ஓவியருக்கு வாழ்த்து. சைனுக்குச் சொல் நம்மிடமே இருக்கிறது: கோடு. கோடுதல் என்றால் வளைதல். நெஞ்சத்துக் கோடாமை என்று குறள் சொல்வது நினைவிருக்கும். கோடு என்றால் கரை, வரி, கொம்பு. கோணல், கோணம், கொடுக்கு, கொடுவாள் எல்லாம் ஒரே குடும்பம். நீங்கள் சொல்லும் உறுப்பு ஒரு வளைவு, ஒரு கரை, படத்தில் ஒரு வரி. மூன்றையும் தாங்குகிற சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும்? ‘விலாக்கோடு’ என்க.

படகு என்பதையும் விட்டுத் ‘திமில்’ என்று எழுதலாம். ‘கொடுந்திமில்’ என்று சங்கப் பாட்டிலேயே வருகிறது. அந்தக் கொடுமையும் வளைவுதான். அலை வெட்டி விரைகிற சிறு போர்க்கலத்துக்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். ரோந்து வேண்டாம், ‘சுற்றுக்காவல்’ போதும்.

தூத்துக்குடி ஆசிரியை எழுதியது:

புலவர் ஐயா, வணங்கிச் சொல்கிறேன். ‘போர்த்திமில்’ என்று என் எட்டாம் வகுப்புக்குப் போய்ச் சொன்னால் முப்பது பிள்ளைகளும் சல்லிக்கட்டுக் காளையைத்தான் வரைவார்கள். சங்கச் சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த இடத்தை மாடு பிடித்துக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

விசைப்படகு என்றும் போட்டுவிடாதீர்கள் தம்பி. எங்கள் பிள்ளைகளுக்கு விசைப்படகு என்றால் இழுவலை போடும் படகு, வேறொன்றும் இல்லை.

நேற்று மாலை படகுத்துறைக்குப் போய் ஓடாவி (படகு கட்டும் தச்சர்) ஒருவரிடம் உங்கள் படத்தைக் காட்டினேன். வங்குக்கால்களை, அதாவது படகின் விலாச்சட்டங்களை எண்ணினார், ஏராவை, அதாவது அடிமரத்தை விரலால் தொட்டார். பிறகு அந்த விளிம்பின்மேல் கையை ஓடவிட்டு, “இந்த மடக்குதானே?” என்றார். பலகை மடங்குகிற இடம், அதனால் மடக்கு. நான் கேட்காமல் அவர் வாயில் வந்த சொல் அது. ‘அடிமடக்கு’ என்று வைத்துக்கொள்ளலாமா? பின்பக்கத்துக்கு ‘அமரம்’ போடுங்கள். அணியம், அமரம் இரண்டும் சேர்ந்தே வர வேண்டிய சொற்கள்.

திருச்சி கணிதப் பேராசிரியர் எழுதியது:

மடக்கு வேண்டாம். மடக்கை என்று லாகரிதத்துக்கு வைத்து ஒரு தலைமுறை படித்துவிட்டது. அணியிலும் மடக்கு உண்டு, யமகம். இரண்டு துறையில் வேலை செய்கிற சொல்லை மூன்றாவதற்கும் அனுப்ப வேண்டுமா? ‘விலாமடிப்பு’ என்றால் என்ன குறை?

தூத்துக்குடி ஆசிரியை எழுதியது:

சார், மடிப்பு வேட்டியில் விழுவது, இஸ்திரி போட்டால் போய்விடும். மடக்கு கத்தியில் இருப்பது. ஓடாவிக்கு இந்த வேறுபாடு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

யாழ்ப்பாண நண்பர் எழுதியது:

ரோந்தை விடுங்கோ ஐயா. எங்கட பத்திரிகைகளில் ‘அதிவேக ரோந்துப் படகு’ என்று எழுதினால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். அந்தச் சொல்லோடு எங்களுக்குப் பழக்கம் வந்த விதம் சந்தோசமானதல்ல, ஆனாலும் விளங்கும்.

டார்பிடோ பற்றி ஒரு விசயம். அது திருக்கை இனத்து மீன் ஒன்றின் பெயர், மின்சாரம் பாய்ச்சுகிற திருக்கை. லத்தீனில் வேர் தேடினால் ‘மரத்துப்போதல்’ என்று வரும். மீனைத் தொட்டால் கை மரத்துப்போகும், அதுதான் காரணம். ஆகவே ‘திருக்கைக் கணை’ என்று சொல்லலாமோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆனால் இன்னொன்றும் உண்டு. 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், மொபைல் விரிகுடாவில், டார்பிடோ என்று சொன்னது நீரில் மிதக்கவிட்ட கண்ணிவெடியை. தானாக ஓடுகிற ஆயுதத்தை ஆங்கிலேயப் பொறியாளர் வைட்ஹெட் 1866இல் செய்த பிறகே பெயர் மெல்ல அதன்மேல் போய் ஒட்டியது. ஆங்கிலத்திலேயே மீனிலிருந்து கண்ணிவெடிக்கும், அதிலிருந்து கணைக்கும் பெயர் தாவியிருக்கிறது. வேரைப் பிடித்து மொழிபெயர்த்தால் எந்த வேரைப் பிடிப்பது?

சிவகாசி ஓவியர் எழுதியது:

அண்ணை, அந்தக் கடைசிக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. நான் ‘நீர்க்கணை’ என்று எழுதப்போகிறேன். மற்றது ‘ஆழ்குண்டு’. அருகருகே வந்தாலும் இனிக் குழப்பம் இல்லை.

மூன்றாவது சிக்கலைச் சொல்கிறேன். நூலில் வருவது பி.டி. 109. பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடி தலைவராக இருந்த படகு. 1943 ஆகஸ்ட் 2 அன்று சாலமன் தீவுகளில், பிளாக்கெட் நீரிணையில், அமகிரி என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதிப் பிளந்தது. அந்தப் படகில் கணைகள் குழாய்களுக்குள் இருந்தன. கருமருந்து வெடித்துத்தான் கணையை வெளியே தள்ளும். குழாயில் பூசிய மசகு சில நேரம் தீப்பிடித்து, இருட்டில் படகைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு வந்த படகுகளில் குழாய்கள் போய், எடை குறைந்த மார்க் 13 கணைகளைச் சாய்வான சட்டத்தில் வைத்து, பக்கவாட்டில் உருட்டிக் கடலில் விழவிட்டார்கள். இரண்டையும் வரைந்திருக்கிறேன், பெரிய படத்தில் குழாய், மூலையில் சட்டம். இணையத்தில் கிடைக்கிற பல படங்கள் பி.டி. 109 என்று பெயர் போட்டு உருட்டுகிற சட்டத்தை வரைந்துவிடுகின்றன. அதனால்தான் இரண்டு பெயரும் தெளிவாக வேண்டும். ‘ஏவுகுழாய்’, ‘உருட்டுச் சட்டம்’ சரியா? ஏவுகுழாயில் ‘க்’ வருமா?

உடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுப்பலகைப் படகு என்று எங்கும் எழுதுகிறார்கள், பிழை. ஓர் அங்குல மகோகனிப் பலகை இரண்டு அடுக்கு, நடுவில் பசை தோய்ந்த துணி. படத்தில் ஓரிடத்தில் மேலடுக்கை உரித்து அந்தத் துணியைக் காட்டியிருக்கிறேன். அந்த நான்கு அங்குல இடத்துக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. பார்த்து வரைய, மாசசூசெட்ஸில் ஃபால் ரிவர் துறையில் நிற்கிற பி.டி. 617இன் படங்கள்தான் துணை. அதுவும் எல்கோ 80 அடி. நியூ ஆர்லியன்ஸில் புதுப்பித்து வைத்திருக்கும் பி.டி. 305 அழகான படகு, ஆனால் ஹிக்கின்ஸ் என்ற வேறு நிறுவனம் கட்டியது, உடல்வாகு வேறு. போர் முடிந்ததும் பிலிப்பைன்ஸில் சமார் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளைக் குவித்து எரித்துவிட்டார்கள். அதை நினைத்தால் இந்தக் கோடுகளை ஏனோதானோ என்று போட மனம் வரவில்லை.

தஞ்சைப் புலவர் எழுதியது:

ஏவுகுழாய் வினைத்தொகை, வலி மிகாது. உருட்டுச் சட்டத்தில் மிகும். இரண்டும் நன்று.

திமிலை விட்டுக்கொடுத்தேன், அம்மையார் சொன்ன காளைக்காக. கோட்டை விட மாட்டேன். ஆனால் மடக்கு என்றே முடிவானால் ஒரு திருத்தம்: ஹார்டு என்பதற்குக் ‘கடின’ கூடாது. வல்லினம், மெல்லினம் என்கிற நமக்கு அது ‘வன்மடக்கு’. உருண்டு சேர்ந்தால் ‘மென்மடக்கு’. ஜெர்மானியரின் டார்பிடோப் படகான ஷ்னெல்போட் உருண்ட விலா உடையது என்று படித்தேன், அது மென்மடக்குக் கலம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் இணையும் தானே பிறக்க வேண்டும். ஆனால் விலாக்கோடு என்றாலும் வன்கோடு, மென்கோடு பிறக்குமே?

சிவகாசி ஓவியர் எழுதியது:

பிறக்கும் ஐயா. ஆனால் என் படத்தில் ஏற்கெனவே நீர்மட்டக் கோடு இருக்கிறது, வண்ணப் பட்டைகளின் கோடுகள் இருக்கின்றன. விலாக்கோடு என்று அம்புக்குறி போட்டால் பிள்ளைகள் அதையும் வண்ணத்தால் போட்ட கோடு என்றே நினைப்பார்கள். அது பலகை முறிகிற இடம் என்று தெரிய வேண்டும். கை வைத்துத் தடவினால் தட்டுப்பட வேண்டும். ஓடாவி கை வைத்துத்தான் சொன்னார்.

எனவே அச்சுக்குக் கொடுத்தது: வன்மடக்கு, நீர்க்கணை, ஆழ்குண்டு, ஏவுகுழாய், உருட்டுச் சட்டம், அணியம், அமரம், சுற்றுக்காவலுக்குப் பதில் ரோந்து. ஒலியடக்கியா சைலன்சரா என்று யாரும் கேட்கவில்லை, நான் சைலன்சர் போட்டுவிட்டேன்.

திருச்சி கணிதப் பேராசிரியர் எழுதியது:

அச்சுக்குப் போனது போகட்டும். மடக்கு பற்றிய என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்து வையுங்கள். அடுத்த பதிப்பு வரும்போது விலாமடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி வருவேன்.

தஞ்சைப் புலவர் எழுதியது:

அப்படியே கோட்டையும் பதியுங்கள். ஓவியரே, புத்தகம் வந்ததும் ஒரு படி அனுப்புங்கள். அந்தத் துணியைப் பார்க்க வேண்டும்.